கரடிக்கு முன்னால் படுக்க வேண்டாம், கெவின்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு மடையன். சும்மா மடையனாக இருந்திருந்தால் அது என் வீட்டோடு போயிருக்கும். நான் புத்திமதி சொல்கிற மடையன். முதன்முதலாகக் கறுப்புக் கரடி வேட்டைக்குப் புறப்பட்ட அறுபது வயது மனிதர் ஒருவருக்கு, கரடி எதிரே வந்தால் எப்படிப் படுக்க வேண்டும், எவ்வளவு நேரம் மூச்சை அடக்க வேண்டும் என்று ஆறு மாதம் பாடம் நடத்தியிருக்கிறேன். நானோ சீவியத்தில் கரடியைக் கண்டதில்லை. பத்து வயதில் பள்ளிக்கூடத்தால் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கரடிக் கூட்டுக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றேன். அது குகையை விட்டு வெளியே வரவில்லை. பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் எனக்கும் கரடிக்கும் உள்ள பழக்கம்.

போன கிழமையோடு நான் சிட்னிக்கு வந்து பதினாறு வருடம் முடிந்தது. மனைவி சுகந்தி பாயாசம் காய்ச்சினாள். மகள் ஆரணி, பதினைந்து வயது, பாயாசத்தைக் குடித்துக்கொண்டே, “அப்பா, இந்தப் பதினாறு வருசத்தில நீங்க செய்த பெரிய விசயம் எது?” என்று பாதி ஆங்கிலத்தில் கேட்டாள். நான் யோசிப்பதற்குள் சுகந்தி சொல்லிவிட்டாள்: “கரடி.”

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது. ஆகையால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். உங்களில் யாராவது கரடி வேட்டைக்குப் போகிற யோசனையில் இருந்தால் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

2

ஊரில் நான் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். இங்கே குளியலறைச் சாமான்கள் அடுக்கி வைக்கிற பெரிய களஞ்சியம் ஒன்றில் வேலை. குழாய், கழுவுதொட்டி, மலசலகூடக் கோப்பை. கோப்பு தூக்கின கையால் கோப்பை தூக்குகிறேன் என்று வந்த புதிதில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். தமிழ் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லாதபடியால் நானே சொல்லி நானே சிரிக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஆருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

அங்கே எனக்கு வாய்த்த நண்பர் கெவின். முப்பது வருடமாக அதே களஞ்சியத்தில் வேலை. கழுத்து செங்கல் நிறம், வலது முழங்கால் பழுது. முழங்காலைக் கழற்றிப் புதிது போட வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் ஒரேயொரு ஆசை நிறைவேற வேண்டும் என்று மனுசன் நின்றார். கனடாவுக்குப் போய்க் கறுப்புக் கரடி ஒன்றை வேட்டையாட வேண்டும். இந்த நாட்டில் கங்காரு இருக்கிறது, முதலை இருக்கிறது, காட்டுப்பன்றி இருக்கிறது. கரடி மட்டும் இல்லை. மரத்தில் தொங்கித் தூங்குகிற கோலாவைக் கரடி என்று யாராவது சொன்னால் கெவினுக்குக் கோபம் வரும். இல்லாததில்தான் ஆசை போகும் என்பது இந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பொதுவான விசயம்போல.

இரண்டாயிரத்துப் பதினொன்று முடிகிற நேரம், ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் கரடி படம் போட்ட புத்தகம் ஒன்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டினார். நான் வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடையில் வாங்கின ஆட்டிறைச்சி ரோல்ஸைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “எங்கட நாட்டிலும் கரடி இருக்கு” என்று சொன்னேன்.

இதுவரை உண்மை. இதோடு எழும்பிப் போயிருக்க வேண்டும்.

பதினைந்து வருடத்தில் அந்த அறையில் முதன்முறையாக எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் கச்சேரியில் காணிப் பிரிவில் இருந்தேன் என்று சொன்னபோது ஒரு தலையும் திரும்பியதில்லை. கெவின் ரோல்ஸைக் கீழே வைத்தார். “நீ வேட்டைக்குப் போயிருக்கிறாயா, மேட்?” என்று கேட்டார். மேட் என்றால் இங்கே கூட்டாளி.

“ஓம்” என்றேன். ஆங்கிலத்தில் கேட்டதற்குத் தமிழில் ஓம் சொன்னால் அது பொய்க் கணக்கில் சேராது என்று அந்த ஒரு விநாடியில் எனக்குத் தோன்றியது. ஆனால் கெவின் என்னிடமிருந்து படித்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.

3

இந்தக் கதையை நான் யாரிடம் எடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்து வன்னிக்குப் போயிருந்த எட்டு மாதம், சின்னராசா அண்ணை என்பவரின் வளவில்தான் நாங்கள் கொட்டில் போட்டிருந்தோம். அவருடைய இடது கன்னம் காதிலிருந்து தாடை வரைக்கும் கிழிந்து பொருந்தியிருந்தது. எப்படி நடந்தது என்று வந்த நாளே கேட்டேன். “கரடி” என்றார். பிறகு விறகு கொத்தப் போய்விட்டார். எட்டு மாதத்தில் இன்னும் பலமுறை கேட்டேன். அதே ஒரு சொல், அதே கோடரி. கரடி வந்து முகத்தைக் கிழித்த மனிதர் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். கிழிபடாத நான் அதை வைத்து ஆறு மாதம் ஓட்டினேன். இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்த பிறகு சின்னராசா அண்ணையைப் பற்றி எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

சாப்பாட்டு அறைக்கு வருகிறேன். கெவின் அடுத்ததாகக் கேட்ட கேள்விதான் என் தலையில் மண்ணைப் போட்டது.

“என்ன துவக்கு பாவித்தாய்?”

எனக்கு வியர்த்துவிட்டது. வாசிக்கிறவர்களில் வெளிநாடு போக விண்ணப்பித்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். துவக்கைக் கையால் தொட்டதுண்டா, ஆயுதப் பயிற்சி எடுத்ததுண்டா என்று நான்கு வேறு வேறு படிவங்களில், நான்கு வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். நான்கிலும் இல்லை, இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அது உண்மையும்கூட. குடியுரிமை கிடைத்துப் பத்து வருடம் ஆகிறது. ஆனாலும் துவக்கு என்ற சொல் எந்த மொழியில் காதில் விழுந்தாலும் என் வாய் தன்பாட்டில் இல்லை என்றுதான் சொல்லும். அந்த நேரம் வேறு, எங்கள் சனம் படகில் வருகிறதைப் பற்றி ஒவ்வொரு நாளும் பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம். பக்கத்து மேசையில் அந்தப் பேப்பர் கிடந்தது.

“துவக்கு இல்லை” என்றேன். “நான் ஒருநாளும் துவக்குத் தொட்டதில்லை.”

ஓம் சொன்ன பிறகு அன்றைக்கு நான் சொன்ன ஒரேயொரு உண்மை அது. அதைக் கேட்டுத்தான் அறை முழுக்க வாயைப் பிளந்தது. துவக்கே இல்லாமல் கரடி வேட்டை ஆடின மனுசன். யாரோ மெதுவாக விசில் அடித்தார்கள்.

அப்படியென்றால் எப்படி என்று கெவின் கேட்டார். கேட்கத்தானே செய்வார். சின்ன வகுப்பில் படித்தது எனக்குக் கைகொடுத்தது. கரடி வந்தால் தரையில் படுத்து மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், அது செத்த உடம்பைத் தொடாது, முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். எங்கள் ஊரில் அ, ஆ தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். நான் அதோடு கொஞ்சம் மேலதிகமாகச் சேர்த்தேன். அது காதுக்குக் கிட்ட வந்து முகரும்போது நனைந்த சாக்கு மணக்கும், அதற்குள் பழைய தேன் மணக்கும் என்றேன். நனைந்த சாக்கு எங்கள் கொட்டிலின் மணம். தேன் நான் போட்டது. அந்த நேரம் பார்த்துக் கத்தியை எடுத்து... என்று இழுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் கையைக் கழுவப் போனேன். சின்னராசா அண்ணையிடம் படித்த ஒரே நல்ல பழக்கத்தை அந்த இடத்தில்தான் பாவித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை கெவின் வந்து சொன்னார், துவக்கு வேட்டைக்குப் பதிந்ததை மாற்றிவிட்டாராம். வில்லும் அம்பும். “நீ வெறுங்கையோடு போயிருக்கிறாய். நான் துவக்கோடு போனால் வெட்கம், மேட்.”

4

கெவினிடம் இருந்து நானும் படித்தேன் என்று சொல்லாவிட்டால் அநியாயம். அந்தப் புத்தகத்தில் இருந்தவை இவை. நான் சொன்னவை எதுவும் இதில் கலக்கவில்லை, நம்பலாம்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்காமல் காட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது. கரடிக்குக் கண் சுமார், மூக்குப் பெரிது. சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுப் போனால் வேட்டை அன்றோடு சரி. மரத்தில் கட்டின ஆசனத்தில் ஏறி அசையாமல் நாட்கணக்காக இருக்க வேண்டும். கீழே பழைய டோனட் போட்டு வைப்பார்கள். எங்கள் பிள்ளைகளும் கரடியும் ஒரே சாப்பாட்டுக்குத்தான் வருகிறார்கள். வந்தது பெரியதா சிறியதா என்று உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. காதைப் பார்க்க வேண்டும். காது பெரிதாகத் தெரிந்தால் கரடி சின்னது. காது சின்னதாகத் தெரிந்தால் கரடி பெரிது. பின்னால் குட்டி வருகிறதா என்று கடைசி வரைக்கும் பார்க்க வேண்டும். குட்டியோடு வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

கெவின் இதையெல்லாம் பாடமாக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வில் பழகப் போனார். இதோடு நின்றிருந்தால் நல்லது. ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு ஒவ்வொரு நாளும் என்னிடம் வந்து, “புத்தகம் எழுதினவன் கிடக்கட்டும், நீ சொல்” என்பார். நானும் சொல்வேன். புத்தகம் போட்டவனை விட என்னை நம்புகிற ஒரு மனிதரை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. வீட்டில் பால் முடிந்துவிட்டது என்று நான் சொன்னால்கூட ஃப்ரிஜ்ஜைத் திறந்து பார்க்கிற குடும்பம் என்னுடையது.

5

சித்திரை மாதம் ஒருநாள் காலை, பதினாலாம் வரிசையில் கழுவுதொட்டிப் பெட்டிகளுக்கு இடையில் கெவின் மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது. மூச்சு இல்லை. புதிதாக வந்த மேலாளர் பிள்ளை ஒருத்தி அந்தப் பக்கமாக வந்தவள் கண்டுவிட்டுக் கத்திக் குழறினாள். முதலுதவிக்காரர் ஓடிவந்தார். அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கெவின் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: “எத்தனை விநாடி?”

பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாராம்.

அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. அந்த முழங்காலோடு தரையிலிருந்து எழும்ப முக்கால் நிமிடம் ஆகிறது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு முதன்முதலாக விளங்கியது. இந்த மனுசன் உண்மையாகவே படுக்கப் போகிறார்.

இந்த நாட்டில் ஒருவர் செத்தாலும் படிவம், சாகாவிட்டாலும் படிவம். விபத்து அறிக்கை மூன்று பக்கம். நேரில் கண்ட சாட்சி என்று என்னைப் பிடித்து இருத்தினார்கள். வாயால் நான் என்னவும் சொல்வேன், சுகந்தியைக் கேட்டால் தெரியும். ஆனால் படிவத்தில் பொய் எழுத எனக்குக் கை வராது. கச்சேரியில் பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் எழுதின பொய்யைப் பிடித்தவன் நான். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதினேன். சம்பவம்: ஊழியர் செத்தவர்போல் படுத்திருந்தார். காரணம்: கரடி. யாருடைய அறிவுறுத்தலின் பேரில்: என் பெயர், கொட்டை எழுத்தில். இனிமேல் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்ற கட்டத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாதுகாப்பு அதிகாரி அதை வாசித்துவிட்டுக் காரணம் என்ற கட்டத்தை இன்னொருமுறை வாசித்தார். அடுத்த நாள் சுவரில் புது அறிவித்தல் ஒட்டியிருந்தது. களஞ்சியத் தரையில் எக்காரணம் கொண்டும் படுக்கக் கூடாது.

6

அன்று இரவுச் சாப்பாட்டில் இதை நல்ல பகிடியாகச் சொன்னேன். சுகந்தி சிரித்துப் புரையேறினாள். ஆரணி சிரிக்கவில்லை. கணினியை இழுத்துத் தட்டினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்பா, கறுப்புக் கரடிக்கு முன்னால செத்த மாதிரிப் படுக்கவே கூடாது. எல்லா இடத்திலயும் போட்டிருக்கு. நிமிர்ந்து நிக்கோணும், கையை உயர்த்திக் கத்தோணும், வந்தால் அடிக்கோணும். படுத்தால்...” அவளுக்குத் தமிழ் முடிந்துவிட்டது. “யூ ஆர் கோயிங் டு கில் ஹிம்” என்றாள்.

சுகந்தி சிரிப்பை நிறுத்தினாள். “இஞ்சருங்கோ, நீங்கள் எப்ப கரடியைக் கண்டனீங்கள்?”

“காணேல்லை.”

“அப்ப அந்த மனுசனுக்கு என்னத்தைச் சொன்னனீங்கள்?”

“சும்மா ஒரு கதைக்கு...”

“கரடி விட்டிருக்கிறியள்” என்றாள். “இருந்திருந்து கரடியை வைச்சே கரடி விட்டிருக்கிறியள்.”

கரடி விடுகிறது என்றால் என்ன என்று ஆரணி கேட்டாள். நம்புகிற மாதிரிப் பொய் சொல்லுகிறது என்று தாய் விளங்கப்படுத்தினாள். மகள் கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறினாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “அப்ப, அந்தக் கிளாலி கதையும் கரடியா?”

கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்து வந்தது பற்றி அவளுக்கு நான் சொன்ன கதை. தண்ணீர் ஏறுகிற வள்ளத்தில் என் அம்மாவின் தையல் மெசினை எறியச் சொன்னார்கள், அம்மா எறிய மாட்டேன் என்று அதன் மேலேயே ஏறி இருந்தார். ஒரு சொல் கூட்டாத கதை. என் சீவியத்தில் நான் ஒன்றும் சேர்க்காமல் சொன்ன கதை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

“அது உண்மை” என்றேன்.

“எப்பிடி எனக்குத் தெரியும்?”

கெவினுக்கு உண்மையைச் சொல்லுங்கள், அப்போது நம்புகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழும்பினாள். தானாகத் தட்டுக் கழுவினாள் என்றால் விசயம் எவ்வளவு பெரிது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

7

கெவின் புறப்பட இன்னும் நான்கு நாள் இருந்தது. மூன்று நாள் தடுமாறினேன். நான்காம் நாள் தேநீர் நேரத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன். என்ன சொல்வது என்று ரயிலில் வரும்போதே ஆங்கிலத்தில் அடுக்கி வைத்திருந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அடுக்கினது எல்லாம் சரிந்துவிட்டது. நெஞ்சில் தமிழ் மட்டும் நின்றது. அதைத்தான் பெயர்த்தேன்.

“கெவின், நான் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் செய்ததற்கு எங்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. நான் கரடியை... விட்டேன்.”

கெவின் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு என் தோளில் கையை வைத்தார்.

“கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போக விட்டுவிட்டாயா?”

நான் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டினது எங்கள் ஊர் ஆட்டல். அது அவருக்கு ஓம் என்று பட்டது. “எங்கள் ஆட்கள் மீனைப் பிடித்துவிட்டு ஆற்றிலே விடுவார்கள். ஆனால் கரடி...” என்றவர் என் தோளை இன்னொருமுறை தட்டிவிட்டு எழும்பிப் போய்விட்டார். நான் கடைசி நேரத்தில் ஒரு பொய்யைத் திருப்பி எடுக்கப் போய் அதன் மேல் இன்னொரு மாடி கட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் அவர் விமானம் ஏறிவிட்டார். நான் ரெலிபோனில் ஒரு செய்தி தட்டி அனுப்பினேன். கனடாக் கரடி எங்கள் கரடி மாதிரி இல்லையாம், புதிதாகக் கேள்விப்பட்டேன், தயவுசெய்து படுக்க வேண்டாம், நிமிர்ந்து நின்று கத்தவும். ஆரணிக்குக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா, இதுவும் கரடி.” அந்தச் சொல்லை எவ்வளவு திருத்தமாகப் பாவித்தாள் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எட்டு வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கொண்டுபோய் விட்டும் வராத தமிழ்.

பதில் வரவில்லை. காட்டுக்குள் கவரேஜ் இருக்காது என்று சுகந்தி சொன்னாள். முதல் நாள் ஆறுதலாகச் சொன்னாள். பத்தாம் நாள் அதே வசனத்தை வேறு குரலில் சொன்னாள். வேலைத்தலத்தில் பதினாலாம் வரிசையால் போகாமல் சுற்றிப் போனேன். மத்தியானம் ரோல்ஸ் வாங்குவதை விட்டுவிட்டேன். கழுவுதொட்டிப் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் ஒரு மனுசன் எங்கோ காட்டில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, நனைந்த சாக்கு மணம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சுகந்தி சாமியறையில் விளக்குக் கொளுத்தும்போது யாருக்காக என்று நான் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் ஒருவன் கரடியிடம் தப்ப வேண்டும் என்று முருகனிடம் எப்படிக் கேட்டாளோ தெரியாது.

8

மூன்று கிழமை கழித்துக் கெவின் உள்ளே வந்தார். இரண்டு கை, இரண்டு கால், அதே பழுதான முழங்கால். நான் பிடித்திருந்த குழாய்ப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். அதற்கும் ஒரு படிவம் நிரப்பினேன்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் இடமில்லை. கெவின் சொன்னார். ஐந்து நாள் மரத்தில் காவல். கடைசி நாள் பொழுது சாய்கிற நேரம் வந்தது. இவ்வளவு சின்னக் காது, அவ்வளவு பெரிய கரடி. மரத்துக்குக் கீழே வந்து நின்றது. காற்று மாறியது, அதன் மணம் மேலே அடித்தது. நனைந்த சாக்கு மணம், அதற்குள் பழைய தேன். வில்லை முழுக்க இழுத்துவிட்டாராம். அந்த நேரத்தில் என்னை நினைத்தாராம். மெதுவாக வில்லைத் தளர்த்தினாராம். “நான் போக விட்டுவிட்டேன்” என்றார்.

அறை கைதட்டியது. இரண்டு மூன்று பேர் என் முதுகிலும் தட்டினார்கள். படம் இல்லையா என்று ஒருவர் கேட்டதற்கு, கமெராவில் பற்றறி செத்துவிட்டது என்றார். எனக்கு வேறு ஒன்றுதான் ஆச்சரியமாக இருந்தது. நான் இருந்த இடத்தில் இருந்துகொண்டு, வாயில் வந்தபடி சொன்ன மணம் கனடாக் கரடிக்கு அச்சொட்டாகச் சரியாக இருந்திருக்கிறது. ஒருவேளை எனக்குள் உண்மையாகவே ஒரு வேட்டைக்காரன் இருக்கிறானோ என்று ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டில் போய்ச் சொன்னேன். கெவின் உயிரோடு வந்துவிட்டார், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனி ஏன் பழையதைக் கிளற வேண்டும் என்றேன். சுகந்தி ஓம் என்றாள். ஆரணி தன் அறைக்குப் போய்விட்டாள். சில நாள் கழித்து என் தங்கச்சி கனடாவில் இருந்து கதைத்தபோது, அம்மாவின் தையல் மெசின் இப்போது தன் வீட்டில் இருக்கிறது என்று ஏதோ கதையில் சொன்னாள். நான் ரெலிபோனை ஆரணியிடம் நீட்டினேன், அத்தையிடமே கேள் என்று. வேண்டாம் அப்பா என்றாள். எனக்கு அவளிடமிருந்து வேண்டியது நம்பிக்கை, அதைத் தங்கச்சியின் சாட்சியால் வாங்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

9

கெவின் விட்டிருந்தால் நான் இதோடு தப்பியிருப்பேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் போன பிறகு, சாப்பாட்டு அறைக்கு என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கட்டுப் படிவம். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. வருகிற வருடம் இரண்டு பேருமாகப் போகிறோம், முழங்கால் மாற்றுகிறதைத் தள்ளி வைத்துவிட்டேன், நீ பக்கத்தில் இருந்தால்தான் சரி என்றார். பேனையையும் திறந்து தந்தார்.

பெயர் எழுதினேன். பிறந்த திகதி எழுதினேன். விலாசம் எழுதினேன். கை தன்பாட்டில் ஓடியது. படிவத்தைக் கண்டால் எனக்கு அப்படித்தான். இரண்டாம் பக்கம் ஏழாவது கேள்வி: விண்ணப்பதாரர் முன்னர் கரடி வேட்டையில் பெற்ற அனுபவம். அதற்குக் கீழே நான்கு வெற்றுக் கோடு. அதற்கும் கீழே, மேலே கூறியவை அனைத்தும் உண்மை என்று உறுதியளிக்கிறேன், கையொப்பம்.

பேனை நின்றுவிட்டது.

நான்கு கோடு. சின்னராசா அண்ணைக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. அவர் எழுதியிருந்தால் மூன்றரைக் கோடு மிச்சம் வந்திருக்கும். எனக்கு அந்த ஒரு சொல்லையும் எழுத உரிமை இல்லை. கெவின் எதிரே இருந்து என் பேனை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அதிலிருந்து கரடி இறங்கி வரப் போகிறது என்பது போல.

பேனையை மூடினேன். இந்த முறை ஒன்றையும் தமிழிலிருந்து பெயர்க்கவில்லை. அடுக்கி வைத்திருக்கவுமில்லை.

“கெவின், என் வாழ்க்கையில் நான் ஒரு கரடியைக்கூடக் கண்டதில்லை.”

அவர் என்னைப் பார்த்தார். திரும்பிக் கதவைப் பார்த்தார், யாரும் நிற்கிறார்களா என்று. பிறகு இரண்டு கட்டுப் படிவத்தையும் ஒன்றாக அடுக்கி, மேசையில் தட்டி ஒழுங்காக்கி, இரண்டாக மடித்தார்.

“நானுந்தான், மேட்.”